தாகத்தை அடக்கும் ஷிப்ட்

நீர்க்கடுப்பு என்று ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு வரும் பெண் தொழிலாளிக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒரே வரிதான்: தண்ணி நிறையக் குடிங்கம்மா. மருத்துவ அறிவியல் இந்த வரியில் பிழை சொல்லாது. ஆனால் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரையிலும், வல்லம் வடகாலிலிருந்து ஒரகடம் வரையிலும் உள்ள ஆலைகளில் உற்பத்தி லைனில் நிற்கிற ஒருவர் மறதியால் தண்ணீர் குடிக்காமல் இருப்பதில்லை. குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் லைன் லீடரிடம் கேட்க வேண்டும். கேட்டால் அந்த இடத்தில் நிற்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் தாகத்தை அடக்கிக்கொள்வதுதான் எளிய வழி. 1998-ல் ஹூண்டாய் இங்கே கார் தயாரிக்கத் தொடங்கியதற்குப் பிறகு, இருசக்கர வாகனம், டயர், செல்போன், தொலைக்காட்சி, கனரக லாரி என்று இந்தப் பகுதி உலகுக்கே பொருள் அனுப்பும் இடமாக வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு திருகுக்கும் எத்தனை விநாடி என்று இங்கே கணக்கு உண்டு. அந்தத் திருகை முடுக்குகிறவரின் சிறுநீர்ப்பைக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை உற்பத்தித் திட்டம் போடுகிறவர்கள் ஏற்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். தொற்று, கல், சிறுநீரகத் தேய்மானம் ஆகியவற்றில் ஒரு பகுதியைத் தனிமனிதரின் பழக்கக் குறை என்று தள்ளிவிட முடியாது. ஷிப்ட் அமைக்கப்பட்டிருக்கும் விதத்துக்கும் அதில் பங்கு உண்டு.

முதலில் உடல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். விலா எலும்புகளின் கீழ் ஓரத்தில், முதுகெலும்புக்கு இருபுறமும், ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. உடல் எடையில் அரை சதவீதம்கூட இல்லாத இந்த உறுப்புகளுக்கு, இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் ஒரு நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சு. அதன் வழியாக ரத்தத்தின் நீர்ப்பகுதி வடிகிறது. இப்படி ஒரு நாளில் வடிவது சுமார் 180 லிட்டர். இதில் 178 லிட்டருக்கும் மேல் நீண்ட நுண்குழாய்களில் திரும்ப உறிஞ்சப்பட்டு, தேவையான உப்பும் சர்க்கரையும் மீட்கப்பட்டு, யூரியா, கிரியாட்டினின் போன்ற கழிவுகளைச் சுமந்த ஒன்றரை லிட்டர் அளவு மட்டுமே சிறுநீராக மிஞ்சுகிறது. எவ்வளவு நீரைத் திரும்ப எடுப்பது என்பதை மூளையிலிருந்து சுரக்கும் ஒரு ஹார்மோன் தீர்மானிக்கிறது. தண்ணீர் குறைந்தால் அந்த ஹார்மோன் கூடும். சிறுநீர் குறைந்து, அடர்ந்து, மஞ்சள் கருக்கும். கழிவின் அளவு குறையாது. அதே கழிவு குறைந்த நீரில் கரைந்து நிற்க வேண்டும் என்பதுதான் சிக்கலின் தொடக்கம்.

சிறுநீரகத்திலிருந்து இரண்டு குழாய்கள் வழியாக, துளித்துளியாக, இரவும் பகலும் சிறுநீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது சேரும் பைக்கு 400 முதல் 500 மில்லி வரை கொள்ளளவு. 150, 200 மில்லி சேர்ந்ததுமே பையின் சுவரிலுள்ள நரம்புகள் தண்டுவடம் வழியாக மூளைக்கு முதல் செய்தியை அனுப்புகின்றன. மூளை ஒப்புதல் தரும்வரை பையின் தசை தளர்ந்தும் வாயிலின் தசை இறுகியும் இருக்கும். ஒப்புதல் கிடைத்ததும் இரண்டும் இடம் மாறும்: பை சுருங்கும், வாயில் திறக்கும். கைக்குழந்தையிடம் இல்லாத இந்தக் கட்டுப்பாட்டை நாம் இரண்டு மூன்று வயதில் கற்றுக்கொள்கிறோம். சிறிது நேரம் அடக்குவதற்கு உடலே இடம் கொடுத்திருக்கிறது என்பது உண்மை. எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. போதுமான அளவு தண்ணீர் குடிக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 மில்லி வரை சேர்கிறது. மூன்று மணி நேரத்தில் பை 300 மில்லியைத் தொடும். நன்றாகத் தண்ணீர் குடிக்கிற, நலமாக இருக்கிற ஒரு தொழிலாளி எட்டு மணி நேர ஷிப்டில் இரண்டு அல்லது மூன்று முறை போயே ஆக வேண்டும். சோம்பலுக்கும் சாக்குக்கும் இதில் இடமில்லை. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறது என்பதன் அடையாளம் இது.

இந்தக் கணக்கைச் சட்டத்தின் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பல தலைமுறைத் தொழிலாளர்களைக் காத்த சட்டம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்றது. குடிநீர்க் குழாய் கழிப்பறையிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்றது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் இடத்தைப் பிடிக்கும் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் குடிநீரையும் கழிப்பறையையும் முதலாளியின் கடமையாகவே வைத்திருக்கிறது. ஆனால் தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை வாங்கலாம், அதற்குள் அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பதுதான் 1948-ன் அளவு. ஐந்து மணி நேரம் என்பது, தேவையான அளவு தண்ணீர் குடித்தவரின் பை முழுதாக நிரம்பி வலிக்கும் நேரம். விதிகள் 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்று வைத்தன. 500 பெண்கள் ஒரே மணி அடிப்பில் அரை மணி நேர இடைவேளைக்கு வெளியே வருகிறார்கள் என்று வையுங்கள். விதிப்படி 20 கழிப்பறைகள் இருக்கும். 30 நிமிடத்தை 25 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 72 விநாடி. அந்த நேரத்துக்குள் வேலைக்கான மேல்கோட்டைக் கழற்ற வேண்டும், போக வேண்டும், கை கழுவ வேண்டும், மாதவிலக்கு நாளென்றால் நாப்கினும் மாற்ற வேண்டும். சாப்பாடு இந்தக் கணக்கிலேயே வரவில்லை. ஆய்வாளரின் படிவத்தில் அந்த ஆலைக்குக் குறையே இராது.

ஆலைக்கு வெளியே இன்னும் சில மணி நேரம் இருக்கிறது. காஞ்சிபுரம், அரக்கோணம், செய்யாறு, வந்தவாசிப் பக்கத்திலிருந்தெல்லாம் கம்பெனி பஸ்கள் ஆட்களைத் திரட்டி வருகின்றன. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்றால், இடைவேளையும் அடங்கிய எட்டரை மணி நேர ஷிப்டோடு சேர்த்து நாளின் பாதி போய்விடுகிறது. பஸ்ஸில் கழிப்பறை இல்லை. வழியில் நிறுத்தினாலும் பெண்கள் இறங்கிப் போகும் இடமும் இல்லை. அதனால் தண்ணீர்க் கணக்கு வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டிய தண்ணீர், பஸ் ஏறுவதற்கு முன் தவிர்க்கப்படுகிறது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, கடும் எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது. அது நடைமுறைக்கு வந்திருந்தால் பஸ் பயணத்தோடு சேர்த்து 15 மணி நேரம் ஆகியிருக்கும். சிறுநீர்ப்பைக்கு அது ஐந்து நிரப்பு.

இப்படி நாள்தோறும் குறைவாகக் குடித்து அடக்கிவைக்கும் உடலில் என்ன நடக்கிறது? பெண்களுக்கு முதலில் வருவது சிறுநீர்ப்பைத் தொற்று. பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் வழியான சிறுநீர்ப் புறவழி ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்கு 4 சென்டிமீட்டர்தான். குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா அந்தக் குறுகிய தூரத்தைக் கடந்து பைக்குள் ஏறிவிடுகிறது. இந்தத் தொற்றுகளில் நான்கில் மூன்றுக்கு அதுவே காரணம். அடிக்கடி, போதிய அளவில் வெளியேறும் சிறுநீர்தான் அதைக் கழுவித் தள்ளும் முதல் காவல். நீர் குறைந்து, வெளியேறுவதும் தள்ளிப்போனால், கிருமிக்குப் பெருகுவதற்கு நேரம் கிடைக்கிறது. எரிச்சல், அடிக்கடி முட்டுவது, அடிவயிற்று வலி என்று தொடங்கும் தொற்றைக் கவனிக்காவிட்டால் மேலேறிச் சிறுநீரகத்தையே பிடிக்கும். அப்போது குளிர்க்காய்ச்சலும் விலாப்பக்க வலியும் வாந்தியும் சேரும். அந்த நிலையில் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். கர்ப்பிணிக்கு இது இன்னும் ஆபத்து, குறைப்பிரசவத்துக்கும் வழிவிடலாம். மருந்துக் கடையில் இரண்டு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிப் போட்டு அடுத்த ஷிப்டுக்குப் போவது, கிருமியை மருந்துக்குப் பழக்கிவிடும்.

இது ஊகம் அல்ல. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் குழுவினரும் 2014-15-ல் மூன்று தொழில்துறைகளில் 312 பெண் தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் 71 சதவீதத்தினர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாத அல்லது போதாத 200 பெண்களில் 87 சதவீதத்தினர், சிறுநீர், பிறப்புறுப்புத் தொல்லைகள் அவ்வப்போது வருவதாகச் சொன்னார்கள். 1997-ல் அமெரிக்காவில் இங்க்ரிட் நைகார்ட் என்ற மருத்துவரும் மார்க் லிண்டர் என்ற சட்டப் பேராசிரியரும் வெளியிட்ட ஆய்வு ஆசிரியைகளைப் பற்றியது. அவர்களில் பாதிப் பேர் வகுப்பை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்பதற்காகவே வேலை நேரத்தில் தண்ணீரைக் குறைத்தார்கள். அப்படிக் குறைத்தவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல். 2018-ல் வெளியான இன்னொரு பரிசோதனையில், அடிக்கடி தொற்று வரும் 140 பெண்களில் பாதிப் பேரை நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்க வைத்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை. கடைசி ஆய்வுக்கு நிதி தந்தது பாட்டில் தண்ணீர் விற்கும் டனோன் குழுமம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் உடலியல் சொல்வதும் அதே திசையில்தான் இருக்கிறது.

அடுத்தது கல். அடர்ந்த சிறுநீரில் கால்சியமும் ஆக்சலேட்டும் கரைந்து நிற்க முடியாமல் படிகமாகின்றன. படிகத்தின் மேல் படிகம் ஒட்டிக் கல்லாகிறது. சிறுநீரகத்திலேயே இருக்கும்வரை பல கற்கள் சத்தமில்லாமல் கிடக்கும். குழாயில் இறங்கி அடைத்ததும், இடுப்பிலிருந்து தொடைவரை துடிக்க வைக்கும் வலி. இத்தாலியில் 1996-ல் வெளியான ஆய்வில், முதல் முறை கல் வந்த 199 பேரை ஐந்தாண்டுகள் கவனித்தார்கள். நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும், வழக்கம்போல் இருந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் மீண்டும் கல் வந்தது. பெயின்ட் அடுப்பு, வார்ப்படம், டயர் வேகவைக்கும் பிரிவு என வெக்கையில் நிற்கும் ஆண்களுக்கு இது கூடுதல் கவலை. குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி வியர்வையாகவே போய்விடும். இதற்கு அப்பால் இருப்பது மெல்லச் சிறுநீரகம் தேயும் நோய். தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்த போரூர் ஆய்வாளர்கள், 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருப்பதைக் கண்டார்கள். மாநிலத்தின் விவசாயத் தொழிலாளர்களிடம் நடந்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்குச் சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் பாதிக்கு நெருக்கமானவர்களுக்குச் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. இந்த நோய் பாதிக்கு மேல் முற்றும்வரை வலிக்காது என்பதுதான் கொடுமை. நாள் முழுதும் நின்ற உடல் வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொள்ளும் பழக்கமும் இதோடு சேர்கிறது. நீர் வற்றிய உடலில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை மேலும் குறைத்துவிடும்.

ஐம்பது வயதைத் தாண்டிய செக்யூரிட்டிகள், பஸ் ஓட்டுநர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் பற்றியும் ஒரு சொல். வயதாக ஆகப் புராஸ்டேட் சுரப்பி வீங்கிப் புறவழியை நெருக்கும். அடிக்கடி முட்டும், முழுதாக வெளியேறாது. அவர்களிடம் மணிக்கணக்கில் இடத்தை விட்டு நகராதே என்பது சிறுநீர் முழுதாக அடைத்துக்கொள்ளும் நிலையில் கொண்டுபோய்விடலாம்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் சில வலுவானவை. முதலாவது, மேலே சொன்ன உப்பளமும் வயலும் வெயில் காயும் இடங்கள். செல்போன் பொருத்தும் கூடமோ குளிரூட்டப்பட்டது என்பது. சரி. ஆனால் குளிர்ந்த அறையில் தாக உணர்வு மங்கும். தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, சிறுநீர் கூடுதலாகவே சுரக்கும். வியர்க்காததால் போக வேண்டிய தேவை அதிகம், குடிக்க வேண்டிய நினைப்பு குறைவு. அமெரிக்க ஆசிரியைகளும் வெயிலில் நின்றவர்கள் அல்லர். இரண்டாவது, அடக்குவது மட்டுமே தொற்றைக் கொண்டுவரும் என்பதற்கான ஆதாரம் கலவையானது என்பது. இதை ஏற்கத்தான் வேண்டும். மேற்கோள் காட்டிய சில ஆய்வுகள் தொழிலாளர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவை என்பதும் உண்மை. ஆனால் இங்கே அடக்குவதும் குடிக்காமல் இருப்பதும் தனித்தனியாக வருவதில்லை. அடக்க வேண்டியிருப்பதால்தான் குடிக்காமல் இருக்கிறார்கள். குறைவாகக் குடிப்பதன் கேட்டுக்கான ஆதாரம் பரிசோதனைகளிலேயே கிடைத்திருக்கிறது. மூன்றாவது, ஷிப்ட் முடிந்ததும் இரண்டு லிட்டர் குடித்துச் சரிக்கட்டலாமே என்பது. சிறுநீரகம் நாளின் சராசரியைப் பார்த்து நடப்பதில்லை. பத்து மணி நேரம் அடர்ந்து நின்ற சிறுநீரில் படிகம் அப்போதே உருவாகிறது. கிருமி அப்போதே பெருகுகிறது. இரவில் குடிக்கும் தண்ணீர் தூக்கத்தைக் கெடுப்பதுதான் மிச்சம்.

நிர்வாகத் தரப்பிலிருந்து வரும் மறுப்பு வேறு மாதிரியானது: கேட்டவர்களையெல்லாம் விட்டால் லைன் நின்றுவிடும், சிலர் செல்போன் பார்க்கவே போவார்கள் என்பது. சிலர் போகலாம். அதற்காக எல்லோரின் சிறுநீர்ப்பையையும் காவலில் வைப்பது நியாயமாகாது. அதற்கு அவசியமும் இல்லை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நடந்து போய், கோட்டையும் தொப்பியையும் கழற்றி மாட்டி, திரும்பி வர ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று தாராளமாக வைப்போம். ஷிப்டில் இரண்டு முறை என்றால் 20 நிமிடம். எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். ஆக, 24 பேருக்கு ஒரு ரிலீவர், அதாவது மாற்றாள், இருந்தால் ஒரு விநாடிகூட லைன் நிற்காது. எல்லோரும் முறைவைத்துப் போய் வரலாம். 25 பேருக்கு ஒரு கழிப்பறை என்று விதி எழுதத் தெரிந்த நாம், ஏறத்தாழ அதே விகிதத்தில் ஒரு மாற்றாள் வேண்டும் என்று எழுதாமல் விட்டோம். அந்த மாற்றாள் இல்லாமல் அந்தக் கழிப்பறை பாதிப் பயனுக்குத்தான் உதவும். நான்கு சதவீதம் கூடுதல் கூலிச் செலவு என்று யாராவது சொன்னால், நிபுணத்துவம் பெற்ற ஒரு தொழிலாளி காய்ச்சலோடு மூன்று நாள் விடுப்பு எடுப்பதையும், புதியவருக்குப் பயிற்சி தருவதையும் அதே தாளில் எழுதச் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை 1998 ஏப்ரலில் ஒரு விளக்கம் வெளியிட்டது. கழிப்பறை கட்டிவைப்பது மட்டும் போதாது. தொழிலாளிக்குத் தேவைப்படும்போது போக விட வேண்டும், நியாயமில்லாத தடை போடக் கூடாது என்று அது சொன்னது. தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு முன்னோடி உண்டு. கடை ஊழியர்கள் நாள் முழுதும் நிற்பதைக் கண்டு, அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டமன்றம் சட்டம் திருத்தியது. உடலின் தேவையை உரிமையாக எழுதும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

தங்குமிடத்தையும் இதிலிருந்து பிரிக்க முடியாது. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள்; சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் அமர்ந்து மறித்தார்கள். விடுதிகள் சில தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. தண்ணீர் வராத கழிப்பறைகள் பற்றிய செய்திகள் அப்போதுதான் வெளியே வந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வசதியோடு சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல மாற்றம், மனதாரப் பாராட்ட வேண்டியது. தெருவில் உட்கார்ந்த அந்தப் பெண்கள் பெற்றுத் தந்தது என்றே நான் அதைப் பார்க்கிறேன். ஆனால் விடுதிக் குழாயில் வரும் தண்ணீர், லைனில் நிற்கும் எட்டு மணி நேரத்துக்கு விடையாகாது.

நிர்வாகங்களும் அரசும் உடனே தொடங்கக்கூடிய ஒன்று இருக்கிறது. அதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் ஸ்ட்ரிப் நனைத்துச் சிறுநீரக நோயை முன்கூட்டிக் கண்டறியும் வேலையைத் தமிழ்நாடு 2023-ல் தொடங்கியது. 2024 முதல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டம் ஆலை வாசலுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அதே வருகையில் ஒரு ஸ்ட்ரிப்பைக் கொண்டு, சிறுநீர் எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் ஒப்படர்த்தியையும் பார்க்கலாம். 1.020-ஐத் தாண்டினால் உடலில் நீர் போதவில்லை என்று பொருள். ஷிப்ட் தொடங்கும்போது ஒரு முறை, முடியும்போது ஒரு முறை. யாருடைய பெயரையும் எழுத வேண்டாம். லைன் எண்ணை மட்டும் எழுதினால் போதும். காலையில் இயல்பாக இருந்த ஒரு லைன் மாலையில் மொத்தமாகக் கருத்துப் போயிருந்தால், அந்த 24 பேரிடமும் தண்ணீர் நிறையக் குடிங்க என்று சொல்வதற்கு முன், அந்த லைனுக்கு ரிலீவர் உண்டா என்று உற்பத்தி மேலாளரிடம் கேட்க வேண்டும்.